1.1.1.1 நம்முடைய எண் அல்ல
திருகோணமலையில் வலையமைப்புப் பயில்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள், உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளோமா செய்பவர்கள், பட்டினத்தில் பின்னேர வகுப்புக்குப் போய் சிசிஎன்ஏ படிப்பவர்கள், வகுப்பே இல்லாமல் வீட்டில் ஒரு பழைய மடிகணினியில் பாக்கெட் டிரேசரையோ ஜிஎன்எஸ்3ஐயோ ஓட்டிப் பார்ப்பவர்கள் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்குக் கற்பிப்பவர்களும் வாசித்தால் இன்னும் நல்லது. விஷயம், பயிற்சிக்கூடத்தில் ரவுட்டர்களுக்கு லூப்பேக் முகவரி எப்படிக் கொடுப்பது என்பது. பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடையாது, அதனால் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் பாடம் எடுத்தவர்கள் 127.0.0.1ஐப் படித்திருப்பீர்கள். கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி அது, பெட்டியை விட்டு வெளியே போகாது. ரவுட்டரின் லூப்பேக் இன்டர்ஃபேஸ் வேறு. அதில் கேபிள் செருக இடமில்லை, மென்பொருளுக்குள் மட்டுமே இருக்கிறது, ஆனால் அதன் முகவரியை மற்ற எல்லா ரவுட்டருக்கும் அறிவிக்கிறோம். எந்த இணைப்பு அறுந்தாலும் ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது விழாது. ஆகவேதான் ஓஎஸ்பிஎஃப்பின் அடையாள எண், ரவுட்டர்களுக்கிடையிலான பிஜிபி அமர்வு, எம்பிஎல்எஸ் லேபிள், தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைவது எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. ரவுட்டருக்குப் பெயர் வைப்பது மாதிரித்தான் இந்த முகவரி வைப்பதும்.

இப்போது உங்கள் கொப்பிகளில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் ரவுட்டருக்கு 1.1.1.1, இரண்டாவதற்கு 2.2.2.2, மூன்றாவதற்கு 3.3.3.3. உலகம் முழுவதும் இப்படித்தான் கற்பிக்கிறார்கள். பாடநூல்களில் வருகிறது, யூடியூப் காணொளிகளில் வருகிறது. நினைவில் நிற்கும், தட்டச்சு செய்யச் சுகம், அட்டவணையில் கண்ணில் படும். இந்த மூன்று நன்மையும் உண்மையானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

1.1.1.1இன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது நம் பிராந்தியத்தின் கதை. 1 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும் வெகுகாலம் யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடந்தன. 2010 ஜனவரியில் அவை ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு முகவரி பங்கிடும் ஏப்னிக் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. இலங்கைக்கும் முகவரி அங்கிருந்துதான் வருகிறது. கொடுக்குமுன் சோதித்துப் பார்ப்போம் என்று ஐரோப்பாவின் ரைப் என்சிசி, 1.1.1.0/24ஐ இணையத்தில் அறிவித்துப் பார்த்தது. அறிவித்த உடனேயே அவர்களுடைய 10 மெகாபிட் இணைப்பு நிரம்பி வழிந்தது. அந்த முகவரிகளில் ஒரு சேவையும் இல்லை, ஒரு கணினியும் இல்லை. அப்படியிருந்தும் உலகெங்கும் யாரோ சோதனைக்கு வைத்துவிட்டு மறந்துபோன அமைப்புகளிலிருந்து பொட்டலங்கள் வந்து கொட்டின. முகவரிப் பஞ்சம் தலைக்குமேல் நின்ற காலம் அது. 2011 ஏப்ரல் 15ஆம் திகதி ஏப்னிக் தன் கடைசி /8 தொகுதிக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்கூட 1.1.1.0/24ஐ யாருக்கும் கொடுக்க முடியாமல் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது.

2018 ஏப்ரல் 1ஆம் திகதி கிளவுட்ஃபிளேர், ஏப்னிக்கோடு சேர்ந்து 1.1.1.1இல் ஒரு பொது டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியது. தொடங்கியதும் பல நாடுகளில் பலரால் அதை எட்ட முடியவில்லை. அவர்களுடைய வீட்டுப் பெட்டிகளும் விடுதி வைஃபைகளும் 1.1.1.1ஐத் தங்கள் உள்வேலைக்கு வைத்திருந்தன. சிஸ்கோவின் வயர்லெஸ் கன்ட்ரோலர் வழிகாட்டிகளே ஒருகாலத்தில் அதை உதாரணமாகப் போட்டிருந்தன, பிறகு 192.0.2.1க்கு மாற்றினார்கள். கூடத்தில் பழகிய கை களத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

"எங்கள் கூடம் வெளியே தொடாது, அதனால் யாருக்கு என்ன?" என்று கேட்பீர்கள். எத்தனை நாளைக்குத் தொடாமலிருக்கும்? ஜிஎன்எஸ்3இல் ஒரு கிளவுட் படத்தை இழுத்துப்போட்டு வீட்டு வைஃபையோடு இணைக்க ஒரு நிமிடம் போதும், எல்லோரும் ஒருநாள் செய்வதுதான். அன்றைக்கு முதல் ரவுட்டரின் லூப்பேக் 1.1.1.1ஆக இருந்தால், கூடத்துக்குள்ளிருந்து அந்த டிஎன்எஸைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த ரவுட்டரிலேயே செத்துப்போகும். பிங் அடித்தால் அழகாகப் பதில் வரும், ஆனால் ஒரு தளமும் திறக்காது. பழி இணையம் தருபவர்மேல் விழும். எட்டாவது ரவுட்டருக்கு 8.8.8.8 என்றால் அது 2009 டிசம்பரிலிருந்து கூகுளின் டிஎன்எஸ். 9.9.9.9 குவாட்9. 6, 7, 11 என்று தொடங்குபவை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெயரில் இருக்கின்றன. 3இல் தொடங்குபவை ஒருகாலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக், இன்று பெரும்பகுதி அமேசான். 1.1.1.1இலிருந்து 11.11.11.11வரை எண்ணிப் பாருங்கள். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியது 10.10.10.10 ஒன்றுதான்.

இன்னொன்று, நமக்கு மிகக் கிட்டவுள்ளது. "192 என்றால் தனியார் முகவரி" என்று ஒரு நம்பிக்கை பிள்ளைகளிடம் இருக்கிறது. 192.168 மட்டுமே அப்படி. 192.248 என்று தொடங்கும் முகவரிகளில் பல லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புக்கு உரியவை. நம் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைப்பது அந்த வலையமைப்புத்தான். 168ஐத் தட்ட வேண்டிய இடத்தில் 248ஐத் தட்டினால் நீங்கள் எடுத்துக்கொள்வது நம் நாட்டு மாணவர்களின் முகவரியாக இருக்கலாம். 172இலும் அப்படித்தான், 172.16 முதல் 172.31 வரை மட்டுமே நமக்கு.

1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிக் கொடுத்தது மூன்று தொகுதிகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. கூடத்துக்கு நான் சொல்வது 10. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168இல் உட்கார்ந்திருக்கும், ஹுவாவே 4ஜி பெட்டியென்றால் 192.168.8.1. டாக்கர் நிறுவியிருந்தால் அது 172.17ஐப் பிடித்துவைத்திருக்கும். 10இல் இந்த முட்டல் குறைவு.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஆர்1, ஆர்2 என்று பெயரில்லாத ரவுட்டர்களோடு பழகுவதைவிட நம் மாவட்டத்தையே கூடமாக வையுங்கள் என்பது என் விருப்பம். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள், பதினொரு ரவுட்டர்கள். 1 பட்டினமும் சூழலும், 2 குச்சவெளி, 3 மொறவெவ, 4 கோமரங்கடவல, 5 பதவிசிறிபுர, 6 தம்பலகாமம், 7 கந்தளாய், 8 கிண்ணியா, 9 மூதூர், 10 சேருவில, 11 வெருகல். கரையோரமாகப் பட்டினம், கிண்ணியா, மூதூர் என்று ஒரு வழி. உள்நாட்டால் பட்டினம், தம்பலகாமம், கந்தளாய், சேருவில, மூதூர் என்று இன்னொரு வழி. கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு வளையம் கிடைத்துவிட்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தக் கரைவழியில் படகுப்பாதையில்தான் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு வழி நின்றால் மற்ற வழி என்பதை இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை.

லூப்பேக்0 முகவரி: 10.255.0., அதன் பின் ரவுட்டரின் எண். கந்தளாய் 10.255.0.7, மூதூர் 10.255.0.9. அவ்வளவுதான். 9.9.9.9 தந்த அந்தச் சுகம் போய்விட்டதா? இல்லை. ரூட் அட்டவணையைப் பார்க்கும்போது 10.255 என்றால் லூப்பேக், கடைசி எண் என்றால் ஆள். ஒரு பார்வையில் தெரிகிறது.

இணைப்புகளுக்கு எண் கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பை 10.0.18.0 என்று எழுதும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. இரண்டு எண்ணையும் ஒட்டிவிடுவது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் 10.0.89.0. மூதூரையும் சேருவிலவையும் இணைக்கும்போது என்ன செய்வீர்கள்? 910. ஒரு எட்டுபிட் இடத்தில் 255க்கு மேல் போக முடியாது. பத்தாவது ரவுட்டர் வந்த அன்றைக்கே திட்டம் உடைந்துவிடும், பிறகு "இந்த ஒன்றுக்கு மட்டும்" என்று ஒரு விதிவிலக்கு, அடுத்ததற்கு இன்னொன்று. ஆகவே இரண்டு எண்ணையும் இரண்டு இடத்தில் வையுங்கள்: சிறிய எண் இரண்டாம் இடத்தில், பெரிய எண் மூன்றாம் இடத்தில். பட்டினம், கிண்ணியா இடையே 10.1.8.0/30. கிண்ணியா, மூதூர் இடையே 10.8.9.0/30. மூதூர், சேருவில இடையே 10.9.10.0/30. ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணுள்ள ரவுட்டருக்கு .1, மற்றதற்கு .2. இரண்டாம் இடத்தில் 255 எண்ணுள்ள ரவுட்டர் ஒருநாளும் வராது என்பதால் லூப்பேக்கோடு முட்டாது. களத்தில் இப்படி விசாலமாக முகவரி செலவழிக்க மாட்டோம், ஒரே தொகுதியிலிருந்து /31ஆக நறுக்கிக் கொடுப்போம். கூடத்தில் தாராளம் தப்பில்லை.

சிலர் லூப்பேக்குக்குள் ஓஎஸ்பிஎஃப் ஏரியா எண்ணையும் ஏஎஸ் எண்ணையும் திணிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏரியா அடுத்த பாடத்தில் மாறும், ஏஎஸ் அதற்கடுத்த பாடத்தில் மாறும். மாறக்கூடிய எதையும் லூப்பேக்கில் எழுதாதீர்கள்.

இனி மாஸ்க். லூப்பேக்0க்கு /32 தான், வேறொன்றும் வேண்டாம். கை பழக்கத்தில் 255.255.255.0 என்று தட்டிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஓஎஸ்பிஎஃப் ஓடும்வரை அது தெரியவே தெரியாது, ஏனென்றால் நீங்கள் என்ன மாஸ்க் கொடுத்தாலும் சிஸ்கோவின் ஓஎஸ்பிஎஃப் லூப்பேக்கை /32 ஆகத்தான் அறிவிக்கும். பிழையை அது மறைத்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே கூடத்தில் இஐஜிஆர்பி ஏற்றுவீர்கள். அது கொடுத்த மாஸ்க்கை அப்படியே அறிவிக்கும். இப்போது ஒவ்வொரு ரவுட்டரும் 10.255.0.0/24 முழுவதும் தன்னிடம் நேரடியாக இணைந்திருப்பதாக நினைக்கிறது. பட்டினத்திலிருந்து 10.255.0.9க்கு அடித்த பிங் மூதூருக்குப் புறப்படவே புறப்படாது, தன் லூப்பேக்குக்குள்ளேயே விழுந்து காணாமல் போகும். எல்லா இணைப்பும் நன்றாக இருக்கும், அண்டை அட்டவணை நிறைந்திருக்கும், பிங் மட்டும் போகாது.

எம்பிஎல்எஸ்ஸுக்கு வரும்போது இதே பிழை இன்னும் நுட்பமாகக் கடிக்கும். மூதூர் தன்னிடமுள்ள 10.255.0.0/24க்கு லேபிள் கொடுத்திருக்கும். அண்டை ரவுட்டரின் அட்டவணையிலோ ஓஎஸ்பிஎஃப் சொன்ன 10.255.0.9/32 இருக்கும். அந்த /32க்கு மூதூரிடமிருந்து லேபிள் வந்திருக்காது. லேபிள் பாதை கடைசி அடியில் அறுந்துவிடும். இரு முனை ரவுட்டர்களின் லூப்பேக்குக்கிடையே பிங் போகும், பிஜிபி அமர்வு எழுந்து நிற்கும், விபிஎன்னில் இருக்கும் வாடிக்கையாளர் பக்கம் மட்டும் இருட்டு. இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். /32 என்று எழுத ஒரு விநாடி.

கூடத்தில் பாடசாலை, வைத்தியசாலை, வங்கி என்று உள்வலைகளைப் பாவனை செய்யவும் லூப்பேக்குகளைத்தான் பயன்படுத்துவீர்கள். நல்ல வழிதான். அவற்றை லூப்பேக்10, லூப்பேக்11 என்று தள்ளி எண் கொடுத்து, 172.16. பின் ரவுட்டர் எண் என வேறு தொகுதியில் வையுங்கள். மூதூருக்கு 172.16.9.0/24. அதை ஓஎஸ்பிஎஃப்பில் /24 ஆகவே காட்ட, அந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் வலை வகையைப் பாயின்ட்-டு-பாயின்ட் என்று மாற்ற வேண்டும். லூப்பேக்0ஐ இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். அது ரவுட்டரின் அடையாளத்துக்கு மட்டும்.

இங்கேதான் அடையாள எண் விஷயம் வருகிறது. நீங்கள் கையால் கொடுக்காவிட்டால், ஓஎஸ்பிஎஃப் இருக்கிற லூப்பேக்குகளில் ஆகப்பெரிய முகவரியைத் தன் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்ளும். லூப்பேக் ஒன்றும் இல்லையென்றால் இயங்கும் மற்ற இன்டர்ஃபேஸ்களில் ஆகப்பெரியதை. முதல் நாள் மூதூரில் லூப்பேக்0 மட்டும் இருந்தது, அடையாளம் 10.255.0.9. பிறகு பாடசாலைக்கென்று லூப்பேக்10 சேர்த்தீர்கள், 172.16.9.1. அன்றைக்கு ஒன்றும் மாறாது, ஓடிக்கொண்டிருக்கும் அடையாள எண் அப்படியே நிற்கும். சேமித்து மூடிவிட்டுப் போகிறீர்கள். அடுத்த முறை கூடத்தை ஏற்றியதும் மூதூர் 172.16.9.1 என்ற புதுப் பெயரோடு எழும்பும், 10ஐவிட 172 பெரியதல்லவா? டேட்டாபேஸில் மூதூரைத் தேடுபவருக்கு மூதூர் கிடைக்காது. ஆகவே ரவுட்டர்-ஐடி கட்டளையைக் கையால் கொடுங்கள், லூப்பேக்0இன் எண்ணையே கொடுங்கள். கொடுத்தபின் ஓஎஸ்பிஎஃப் செயல்முறையை ஒருதரம் கிளியர் செய்யாவிட்டால் அது எடுபடாது. ஒரு ரவுட்டரின் கன்ஃபிக்கை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது இந்த வரியை மாற்ற மறக்காதீர்கள். ஒரே அடையாளத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ரவுட்டர்கள் அண்டைவீட்டார் ஆகவே மாட்டா.

இவ்வளவும் எதற்கு என்று கண்ணால் பார்க்க ஒரு பயிற்சி. பட்டினத்துக்கும் மூதூருக்கும் இடையே ஒரே ஏஎஸ்ஸுக்குள், 64512 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிஜிபி அமர்வு போடுங்கள். முதலில் இன்டர்ஃபேஸ் முகவரியால்: பட்டினத்தில் அண்டை முகவரி 10.8.9.2. அமர்வு எழுந்ததும் மூதூரில் கிண்ணியாவைப் பார்க்கும் இன்டர்ஃபேஸை ஷட் செய்யுங்கள். 10.8.9.2 என்ற முகவரியே இல்லாமல் போய்விடுகிறது, கந்தளாய் வழி முழுசாகத் திறந்திருந்தும் அமர்வு விழுகிறது. இப்போது அதையே 10.255.0.1க்கும் 10.255.0.9க்கும் இடையே போட்டு, அப்டேட்-சோர்ஸ் லூப்பேக்0 சேர்த்துவிட்டு மறுபடி ஷட் செய்யுங்கள். ஓஎஸ்பிஎஃப் அதிகம் போனால் அதன் 40 விநாடி கெடுவுக்குள் சேருவில வழியைப் பிடித்துவிடும். பிஜிபியின் பொறுமை 180 விநாடி. ஷோ ஐபி பிஜிபி சம்மரியில் அமர்வின் வயதைக் காட்டும் பத்தியைப் பாருங்கள், அது பூச்சியத்துக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே இருக்கும். லூப்பேக்கை வைத்திருப்பது அந்த எண் ஏறுவதற்காகத்தான். அப்டேட்-சோர்ஸை ஒரு பக்கம் மட்டும் போட்டாலும் அமர்வு எழுந்துவிடும் என்பதால் மறதி வெளியே தெரியாது. இரு பக்கமும் போடுங்கள்.

ஐஎஸ்-ஐஎஸ் படிக்கும்போதும் இந்த எண்ணே உதவும். 10.255.0.9ஐ ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று இலக்கமாக 010.255.000.009 என்று எழுதி, நான்கு நான்காகப் பிரித்தால் 0102.5500.0009. மூதூரின் சிஸ்டம் ஐடி கையில். ஐபிவி6இல் ஆவணங்களுக்கென்று ஒதுக்கிய 2001:டிபி8::/32 இலிருந்து 2001:டிபி8:255::9/128 என்று வையுங்கள். பத்தாவது ரவுட்டருக்கு ::10 என்றே எழுதலாம், பதினறும எண்முறையில் அது பதினாறு என்றாலும் கண்ணுக்குப் பத்துத்தான். ஐபிவி6 மட்டும் ஓடும் ரவுட்டரில்கூட ஓஎஸ்பிஎஃப்வி3 ஒரு 32 பிட் அடையாள எண்ணைக் கேட்கும். ஐபிவி4 முகவரி ஒன்றுமே இல்லாத இடத்தில் அதற்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, கையால் கொடுத்தால்தான் ஓடும். 10.255.0.9 அங்கேயும் நிற்கும்.

கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பயிற்சித் தாள்களில் 1.1.1.1 இருந்தால் அடுத்த பிரதி எடுக்குமுன் மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் முதல் தாளில் பார்த்த எண்ணைத்தான் வேலைக்குப் போன இடத்திலும் தட்டுவார்கள். அந்த இடம் ஒரு வைத்தியசாலையாக இருக்கலாம், துறைமுகமாக இருக்கலாம், கச்சேரியாக இருக்கலாம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கூடத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ரவுட்டரின் பெயர், எண், லூப்பேக். பதினொரு வரியையும் தமிழிலேயே எழுதி, இணைப்புகளைக் கீழே குறித்து, உங்களுக்குப் பின் வரும் வகுப்புக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையில் இதே தொழில் செய்யும் உங்கள் அண்ணன்